சாப்பாட்டுக் கட்டம்

மே 6, வியாழன்

உரக்கடையில் கொடுத்த இந்த டைரியை என் மனைவி ரெஜினா மாவு டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்தாள். தட்டித் துடைத்து எடுத்துவிட்டேன். இந்த நாட்களை யாராவது எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் கையெழுத்து புரிகிற மாதிரி எழுதுகிற ஒரே ஆள் நான்தான்.

வேலாங்குளம் அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக ஓ.பி. சீட்டு போடுகிறேன். பெயர் ஞானசிகாமணி. என் முகம் தெரியாதவர்கள் ஊரில் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. கவுன்ட்டரில் இருந்து பெயரைக் கூப்பிட்டேன் என்றால், பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான்.

இன்று அந்தக் குரலுக்கு உத்தரவு வந்தது. கொரோனா வார்டில் இருபது கட்டிலும் நிரம்பிவிட்டன. சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை. அவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு காலையில் இருந்து நிற்கிறார்கள். உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆச்சு என்று ஆளுக்கொரு கதை. கிட்னியை எடுக்கிறார்கள் என்றுகூட ஒருவன் சொன்னான்.

டாக்டர் நஸீமா எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயசு. ஆனால் பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது.

"தெரியாததாலதான் நிக்கிறாங்க. நாமளே தெரியப்படுத்திட்டா வீட்டுக்குப் போயிடுவாங்க. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மைக்ல ஊருக்குப் பொதுவான செய்தி. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன். சிகாமணி சார், நீங்கதான்."

சாவுச் செய்தியை மட்டும் டாக்டரே சொல்வாராம். மற்றதெல்லாம் என் பொறுப்பு. ரெஜினாவிடம் சொன்னேன். "அப்போ வீட்டுலயாவது மெதுவா பேசுங்க" என்றாள்.

மே 8, சனி

மைக்செட் சுடலைமணி தன் ஆம்ப்ளிஃபயரையும் நாலு குழாய் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து கட்டினார். கோயில் கொடை இல்லை, கல்யாணம் இல்லை, ஒரு வருஷமாக அவர் குழாய்களில் சிலந்திதான் குடியிருந்தது. "சும்மா கிடக்கதுக்கு ஊருக்காவது பேசட்டும் அண்ணாச்சி" என்றார்.

முதல் செய்தி வாசித்தேன். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குணமாகிப் போனார்கள், எத்தனை கட்டில் காலி, தடுப்பூசி எந்தக் கிழமை. பெயரும் தெருவும் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஊசி போட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன். வார்டு சிஸ்டர் மரகதம் பின்னால் நின்று, "அண்ணாச்சி, உங்களுக்கு ரெண்டாவது ஊசி எப்போ?" என்றாள். எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

மே 9, ஞாயிறு

பத்தொன்பது வீடுகளுக்குப் போன். பத்தொன்பது வீட்டிலும் ஒரே கேள்வி. ஆக்சிஜன் அளவு, காய்ச்சல் எல்லாம் வாசித்து முடித்த பிறகு, "சரி, சாப்பிட்டாவளா?"

மே 10, திங்கள்

மரகதம் தினமும் நாலரை மணிக்கு வார்டில் இருந்து ஒரு தாள் அனுப்புகிறாள். பெயர், ஆக்சிஜன், காய்ச்சல், மாத்திரை. இன்று ஸ்கேலை வைத்து நானே அதில் இன்னொரு கட்டம் போட்டேன். தலைப்பு: சாப்பாடு. மரகதம் முதலில் சிரித்தாள். "மூச்சு விடுதாவளான்னு பாக்கவே நேரம் இல்ல, இதுல இட்லிய வேற எண்ணணுமா?" என்றாள். ஆனால் எழுதி அனுப்பினாள். ஒன்று, இரண்டு, அரை, கஞ்சி மட்டும்.

கேட்காமலே நானே சாப்பாட்டை முதலில் சொன்னேன். என்ன ஒரு மாற்றம்! மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தமே வேறு. கீழத்தெருவில் ஒரு அம்மா, "ஒங்க கொரலக் கேட்டாலே தெம்பா இருக்கு அண்ணாச்சி" என்றார். இதை ரெஜினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கேலி செய்வாள்.

மே 12, புதன்

மினிபஸ் டிரைவர் இசக்கிமுத்து சேர்ந்திருக்கிறார். இந்த ஊரில் அவர் பஸ்ஸில் போகாதவர்கள் கிடையாது. மனைவி பேச்சியம்மாள் கீழத்தெருவில் பீடி சுற்றுகிறவள். போன மாதம் அவள்தான் முதலில் வந்து இதே வார்டில் பத்து நாள் கிடந்து எழுந்து போனாள். "என்கிட்ட இருந்துதான் அவியளுக்கு ஒட்டிட்டு" என்று கவுன்ட்டரில் நின்று அழுதாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்?

மே 14, வெள்ளி

கேட்டில் இன்று நின்றது மொத்தம் ஆறு பேர். திட்டம் பலித்துவிட்டது. ஐந்து மணிக்கு ஊரே அமைதியாகிறதாம், கடைக்காரர்கள் ரேடியோவைக்கூட அணைத்துவிடுகிறார்களாம். காய்ச்சல் என்றால் மறைக்காமல் இரண்டாம் நாளே வருகிறார்கள்.

டாக்டர் இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறார். வார்டின் பின்பக்கம், முருங்கை மரத்தை ஒட்டி, கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. ரொம்ப முடியாமல் இருக்கிறவர்களின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து வெளியே நின்று ஐந்து நிமிஷம் பார்க்கலாம். போனில் என்னிடம் கேட்டால் நான் நேரம் சொல்ல வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்குள் வீட்டுச் சாப்பாடும் கேட்டில் கொடுக்கலாம்.

மே 17, திங்கள்

நாலு மணியில் இருந்து நல்ல மழை. சுடலைமணியின் குழாயில் தண்ணீர் போய்க் கரகரவென்றது. வார்டில் இன்று இரண்டு சிஸ்டர்கள்தான், இன்னொருத்திக்கே காய்ச்சல். தாள் ஐந்தேகாலுக்குத்தான் வந்தது. சாப்பாட்டுக் கட்டம் பாதிக்கு மேல் காலி.

பத்தொன்பது போன். பேச்சியம்மாள் ஏதோ கேட்டாள், பதில் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. ரெஜினா மிளகு தட்டிப்போட்டுப் பால் கொடுத்தாள்.

மே 18, செவ்வாய்

காலை ஆறரைக்கு இசக்கிமுத்து போய்விட்டார். பேச்சியம்மாளுக்கு டாக்டரே போன் செய்தார். நான் தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பார்க்கப் போய்விட்டேன்.

மே 20, வியாழன்

ஒரு விஷயம் நடந்துவிட்டது. இசக்கிமுத்துவின் பொருள்களை நேற்று மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். சட்டை, செல்போன், கண்ணாடி, தூக்குச்சட்டி. பேச்சியம்மாள் வீட்டில் போய்த் தூக்குச்சட்டியைத் திறந்திருக்கிறாள். திங்கட்கிழமை மதியம் அவள் வைத்து அனுப்பிய நாலு இட்லியும் அப்படியே இருந்தனவாம், பூசணம் பூத்துப்போய்.

"ரெண்டு இட்லி தின்னாவன்னு ஆஸ்பத்திரியில சொன்னாவளே" என்று தெருவில் எல்லாருக்கும் எடுத்துக் காட்டியிருக்கிறாள். கீழத்தெரு முழுக்கப் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கிற பெண்கள். அங்கே ஒரு செய்தி விழுந்தால் மைக்செட்டெல்லாம் தேவையே இல்லை.

மே 21, வெள்ளி

ஓ.பி.யில் காய்ச்சல் என்று ஒருத்தரும் வரவில்லை. கீழத்தெருவுக்குக் காய்ச்சல் பார்க்கப் போன பணியாளர்களை உள்ளே விடவில்லை. "சாப்பிட்டதுலயே பொய் சொல்லுதவன் மத்ததுல என்ன சொல்லுவான்" என்று கேட்டார்களாம். கேட்டில் கூட்டம் மறுபடியும் நெரிகிறது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அவர் சாப்பிட்டதா உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். தகவல் வார்டில் இருந்துதானே வரும் என்றேன். அது பொதுவாக உண்மைதான்.

மரகதத்துக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு டியூட்டி அவள். ஓடிய ஓட்டத்தில் அவளுக்கே நினைவில்லை. "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போல அண்ணாச்சி" என்று என்னிடமே வந்து அழுதாள். சரி சரி என்றேன்.

மே 22, சனி

பழைய ஓ.பி. நோட்டுகளை வருஷவாரியாக அடுக்கினேன். வெயில் அதிகம்.

மே 24, திங்கள்

கீழத்தெருவில் ஒரு சாவு. நாற்பது வயசு, தறி ஓட்டுகிறவர். ஐந்து நாள் காய்ச்சலை மறைத்து வீட்டிலேயே கஷாயம் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது, பொய் சொல்லி ஏமாற்றுவார்கள் என்றாராம். நேற்று வந்திருந்தால் கட்டில் இருந்தது. மூன்று கட்டில் காலியாக இருந்தன. மைக்கில் நானே அதைச் சொன்னேன், நாலு குழாயிலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

இனிமேல் இந்த டைரியிடமும் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினேழாம் தேதி தாளில் இசக்கிமுத்துவுக்கு ஆக்சிஜன் எண்பத்திரண்டு என்று இருந்தது. சாப்பாட்டுக் கட்டம் காலி. பேச்சியம்மாள் கேட்டாள்: "சாப்பிட்டாவளா அண்ணாச்சி? எனக்கு மனசே சரியில்ல. இப்ப ஜன்னலுக்கு வரட்டுமா?" வெளியே மழை. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் தெம்பாக மூச்சு விடுகிற சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. "ரெண்டு இட்லி சாப்பிட்டாரும்மா. மழையில எதுக்கு அலையுத? நாளைக்கு வா" என்றேன்.

நாளைக்கு ஆள் இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எழுந்து நின்றார், திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "மரகதத்துக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும். நீங்க அந்தம்மா வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 25, செவ்வாய்

கீழத்தெருவுக்கு நடந்தே போனேன். பேச்சியம்மாள் வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "கை சும்மா இருக்க மாட்டேங்கு" என்றாள். நான் தள்ளி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை வருஷக் குரல், பத்தடிக்கு எட்டவில்லை. இரண்டு தடவை "கேக்கல" என்றாள். இரண்டு தடவையும் மறுபடி சொன்னேன்.

"நம்பரப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"எம்புட்டு?"

"எண்பத்திரண்டு."

"அது கம்மியா?"

"கம்மிதாம்மா."

இன்னும் இரண்டு இலை வெட்டினாள்.

"நாலு இட்லி வச்சேன். மூடியத் திறந்தா நாலும் இருக்கு. ரெண்டு தின்னா ரெண்டுல்லா இருக்கணும்னு திரும்பத் திரும்ப எண்ணுதேன். பைத்தியக்காரி மாதிரி எண்ணுதேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மழன்னா என்ன அண்ணாச்சி, நான் என்ன உப்பா கரையதுக்கு? அவிய சாகப் போறாவன்னு நீங்க சொல்லிருக்க வேண்டாம். சாப்பிடலன்னு சொல்லிருந்தா போதும். நான் வந்திருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். தரவில்லை. கேட்டதே தப்போ என்று வரும் வழியெல்லாம் தோன்றியது.

மே 26, புதன்

ஐந்து மணிக்கு மைக்கில் வழக்கமான எண்களை வாசித்துவிட்டுச் சொன்னேன்: "நான் ஞானசிகாமணி. போன வாரம் ஒரு வீட்டுக்கு, சாப்பிடாத நோயாளி சாப்பிட்டார் என்று பொய் சொன்னது நான். சிஸ்டர்கள் யாரும் சொல்லவில்லை. என்னால் ஒரு அம்மாவுக்குக் கடைசியாகப் பார்க்கிற பாக்கியம் போய்விட்டது. இனி இங்கிருந்து பொய் வராது. காய்ச்சலை மறைக்காதீர்கள். என்னை நம்ப வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துவிடுங்கள்."

அதோடு மேஜையில் தலையை வைத்துவிட்டேன். சுடலைமணி மைக்கை அணைக்க மறந்துவிட்டார். நான் மூக்கைச் சிந்தியது நாலு குழாயிலும் ஊர் முழுக்கக் கேட்டதாம். வீட்டுக்குப் போனபோது ரெஜினா கேலி செய்யவில்லை. வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

மே 27, வியாழன்

கேட்டில் இரண்டு பேர் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். ஆனால் காய்ச்சலோடு மூன்று பேர் வந்தார்கள்.

மரகதம் பேசவில்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

மே 29, சனி

காலையில் பேச்சியம்மாள் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் நேராக டாக்டரிடம் போனாள்.

"எனக்கு வந்து போயிட்டுல்லா டாக்டரம்மா? நான் உள்ள போலாமா?"

"எதுக்கும்மா?"

"ஊட்டி விட்டு, தின்னாவளா இல்லையான்னு பாத்து எழுதிக் குடுக்கேன். அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். கீழத்தெருக்காரி நான் சொன்னா எங்க ஆளுக நம்புவாவ. அண்ணாச்சி வாசிக்கட்டும், ஆனா நான் எழுதுனத வாசிக்கட்டும்."

டாக்டர் யோசித்தார். வந்து குணமானவர்களுக்கு உடனே மறுபடி வருவது அரிது, ஆனாலும் முழு உடுப்பு போட வேண்டும், ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம்தான் என்றார். மேலிடத்தில் போனில் பேசி அனுமதியும் வாங்கிவிட்டார். மாலைச் செய்தியில் இதைச் சொல்லி, குணமாகிப் போனவர்களில் யார் வர முடியும் என்று கேட்கச் சொன்னார்.

மே 31, திங்கள்

ஏழு பேர் வந்துவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், இரண்டு டீச்சர்கள், பள்ளிவாசல் தெருவில் இருந்து அண்ணன் தம்பி, இன்னும் இரண்டு பேர். எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது பேச்சியம்மாள். அந்த நீல உடுப்பில் யார் யாரென்று தெரியாது என்பதால் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயரும் தெருவும் எழுதிவிட்டாள். தெருவைச் சொல்லக் கூடாது என்று ஆரம்பித்த டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

ஜூன் 2, புதன்

தாளில் இன்று ஒரு பெயருக்கு நேராக, கட்டத்தைத் தாண்டி, கொட்டை எழுத்தில் 'சாப்பிடல' என்று இருந்தது. பேச்சியம்மாள் கையெழுத்து.

போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். "இன்னைக்கு அம்மா சாப்பிடலை தம்பி. நீங்க ஜன்னலுக்கு வந்து பாருங்க." அரை மணி நேரத்தில் மகன் முருங்கை மரத்தடியில் நின்றான். அவனைப் பார்த்ததும் அந்த அம்மா அரை டம்ளர் கஞ்சி குடித்தார் என்று மரகதம் ஓடி வந்து சொன்னாள். என்னோடு பேசக் கூடாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

ஜூன் 3, வியாழன்

அந்த அம்மா இன்று காலை இறந்துபோனார். மகன் வந்து டாக்டரைக் கும்பிட்டான். என்னையும் கும்பிட்டான். நான் உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 5, சனி

உடம்பு வலி. நேற்று நாற்காலி தூக்கியதால் இருக்கும்.

ஜூன் 6, ஞாயிறு

காரணம் நாற்காலி இல்லை. மரகதம் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டாள். ரெண்டாவது ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவள் பெருந்தன்மை. பதினோராம் நம்பர் கட்டில், ஜன்னலை ஒட்டினாற்போல். இசக்கிமுத்து இருந்த கட்டில் எது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 10, வியாழன்

இன்று பேனா பிடிக்க முடிகிறது. எழுத்து கோணலாக இருக்கிறது, இனி டாக்டர்களைக் கேலி செய்ய வாய் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. முகத்தில் ஆக்சிஜன் மூடி. பேச்சியம்மாள் ஸ்பூனோடு வெகு நேரம் பக்கத்தில் இருந்தாள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. எழுந்து ஜன்னலோரம் போய்ப் போனில் பேசினாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"மைனி, நான் பேச்சி பேசுதேன். இல்ல மைனி, சாப்பிடல. காலையிலயும் சாப்பிடல. நம்பர் எண்பத்தஞ்சு, கம்மிதான். நீங்க பயப்படாண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். கெளம்பி வாங்க. இப்பமே வாங்க."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கட்டிடத்தில் இவ்வளவு நம்பகமான ஒரு குரலை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு வெளியே ரெஜினா நின்றாள். அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே நின்றாள். ஐந்து நிமிஷம்தான் சட்டம். டாக்டர் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தார், இரண்டு தடவையும் வாட்சைப் பார்க்காமல் போய்விட்டார்.

பேச்சியம்மாள் என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா நின்ற இடத்தில் அவள் நின்றிருக்க வேண்டிய சாயங்காலம் ஒன்று உண்டு. அதை எடுத்தது நான். அவள் ரெஜினாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 13, ஞாயிறு

ஆக்சிஜன் மூடியை எடுத்துவிட்டார்கள். ஐந்து மணிக்குக் குழாயில் மரகதத்தின் குரல். பரவாயில்லை, கொஞ்சம் வேகமாக வாசிக்கிறாள்.

ரெஜினா இட்லி கொடுத்தனுப்பியிருந்தாள். பேச்சியம்மாள் தாளோடு பக்கத்திலேயே நின்றாள்.

"ரெண்டுன்னு எழுதிக்கம்மா, ரெஜினா சந்தோசப்படுவா" என்றேன்.

தட்டை எட்டிப் பார்த்தாள். "ஒன்னரை" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "மிச்சத்தத் தின்னுங்க அண்ணாச்சி, அப்புறம் ரெண்டுன்னு திருத்துதேன். நான் நிக்கேன்."

நின்றாள். நான் அழுதுகொண்டே அந்த அரை இட்லியைத் தின்று முடித்தேன். தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் திருத்தினாள்.